கையால் செய்த கண்ணாடி கௌரவக் குறைச்சலா?

'ஒரிஜினல்' என்ற வார்த்தையை யாராவது அழுத்திச் சொன்னால் என் கை தானாக பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது. பி.காம் படித்த தோஷம். 'ஒரிஜினல்' என்று ஒருவர் ஆரம்பித்தால், பின்னாலேயே ஒரு விலை வரப்போகிறது என்று அர்த்தம்.

இந்த வாரம் அந்த வார்த்தையோடு மல்லுக்கு நிற்கப் போகிறேன். களம் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரை, வட இத்தாலியின் ஏரிகள், அமெரிக்காவின் ஃப்ளோரிடா. அங்கெல்லாம் 1960-களில் செய்யப்பட்ட சின்னச் சின்ன ஸ்போர்ட்ஸ் மோட்டார் படகுகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு படகின் முன்கண்ணாடி பாழாகிவிட்டால், சொந்தக்காரர் அதைத் தன் வீட்டுக் கொட்டகையில் தானே வடிவமைத்து, தானே செய்து பொருத்திக்கொள்ளலாமா, கூடாதா? இதுதான் வழக்கு.

"ஏன் சார், மாசக் கடைசியில கேஸ் சிலிண்டர் தீர்ந்துடுச்சேன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன். ஸ்பீடு போட் கண்ணாடி எனக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படகு அவர்களுடையதுதான். வழக்கு நம்முடையதும்கூட. உங்கள் மிக்ஸி ஜாரிலிருந்து செல்போன் பேட்டரி வரைக்கும் இதே கேள்விதான் வேறு வேஷத்தில் வருகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நிலவரம். அந்தக் காலத்துப் படகுகளில் பலவற்றுக்கு முன்கண்ணாடி என்பது நிஜக் கண்ணாடி இல்லை. அக்ரிலிக். 'பெர்ஸ்பெக்ஸ்' என்றும் 'பிளெக்ஸிகிளாஸ்' என்றும் கடையில் கேட்கிறோமே, அதுதான். வெயிலில் பல வருஷம் காய்ந்தால் அதில் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். சாயங்கால வெயில் அந்த விரிசலில் பட்டால் எதிரே வருவது படகா, பாறையா என்று தெரியாது. மாற்றியே ஆக வேண்டும். செய்த தொழிற்சாலையோ மூடிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

சொந்தக்காரருக்கு மூன்று வழி. ஒன்று, பழைய படகுகளுக்கென்றே இருக்கும் நிபுணர்களிடம் போய், அசலைப் போலவே ஒன்றைச் செய்து வாங்குவது. பணம் தண்ணீராய்ப் போகும். இரண்டு, அசல் கண்ணாடி எங்காவது கிடைக்கும் என்று காத்திருந்து, படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது. மூன்று, ஒரு பெரிய அட்டை, ஒரு கத்தரிக்கோல், ஓர் அக்ரிலிக் ஷீட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போவது.

மூன்றாவது வழியில் போகிறவரைப் பழைய படகு உலகத்தின் ஒரு பகுதி எப்படிப் பார்க்கிறது தெரியுமா? கோயில் சிலைக்கு எம்-சீல் வைத்து ஒட்டியவனைப் பார்ப்பது மாதிரி! அமெரிக்காவில் பழைய படகுக் கண்காட்சிகளில், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று அங்கம் அங்கமாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். மாறியிருந்தால் மார்க் குறையும். மார்க் குறைந்தால் விலை குறையும்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக யோசித்து, ஒழுங்காகச் செய்த வீட்டுக் கண்ணாடிதான் அந்தப் படகுகளின் பரம்பரைக்கு உண்மையாக இருக்கிறது. மார்க் போடுகிறவர்கள் போற்றுகிற 'ஒரிஜினல்' என்பது பெரும்பாலும் விலைச்சீட்டில் மட்டும் இருக்கிற சரக்கு.

சும்மா சொல்லவில்லை. ஆதாரம் தருகிறேன்.

*

இங்கிலாந்தில் ஃபேரி என்றொரு விமானக் கம்பெனி இருந்தது. 1941-ல் ஜெர்மனியின் 'பிஸ்மார்க்' போர்க்கப்பலைத் தாக்கி முடமாக்கிய 'ஸ்வார்ட்ஃபிஷ்' விமானங்கள் அவர்கள் வடிவமைத்தவைதான். போர் முடிந்தது. விமானங்களுக்கு ஆர்டர் குறைந்தது. தொழிலாளிகள் இருக்கிறார்கள், இயந்திரங்கள் இருக்கின்றன. என்ன செய்வது? ஹாம்பிள் என்ற ஊரில் 'ஃபேரி மரைன்' என்று படகுக் கம்பெனி தொடங்கினார்கள்.

படகு செய்த விதம் பிரமாதம். மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அச்சின் மேல் அடுக்கடுக்காக வைத்து, 'ஆட்டோகிளேவ்' என்கிற பிரம்மாண்ட பிரஷர் குக்கருக்குள் தள்ளி வேகவைத்து எடுத்தார்கள். போர்க்கால மரவிமானத் தொழில்நுட்பத்திலிருந்து வந்த முறை அது. அப்படி வெந்து வந்த படகுகளில் ஒன்று 23 அடி நீளமுள்ள 'ஹன்ட்ரஸ்'. ஜேம்ஸ் பாண்டின் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) படத்தில் வரும் படகுத் துரத்தலில் பாய்கிறவை ஃபேரி படகுகள்தான்.

சரி, அந்தப் படகின் அடிப்பகுதி யாருடைய வடிவம்? ரே ஹன்ட் என்ற அமெரிக்கருடையது. படகின் அடிப்பாகத்தை முன்னாலிருந்து பின்னால்வரை ஆழமான 'வி' வடிவத்திலேயே வைத்தால், அலையில் அடிவாங்காமல் வெட்டிக்கொண்டு போகும் என்று காட்டியவர் அவர். 1960-ல் மயாமியிலிருந்து நஸாவுக்கு நடந்த பந்தயத்தில், அவர் வடிவமைத்த 'மாப்பி' என்ற படகை ஓட்டி டிக் பெர்ட்ராம் ஜெயித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த வேகப் படகுகளில் ஏராளமானவை அந்த 'வி'யின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

ஆக, 'சுத்தமான பிரிட்டிஷ் கிளாசிக்' என்று சொல்லப்படுவதன் ஜாதகம் இது: அமெரிக்க வடிவம், விமானக் கம்பெனி அடுப்பு, போர்க்காலப் பசை. கையில் கிடைத்ததை வைத்து, மூளையைப் போட்டுச் செய்ததுதான் அதன் பெருமையே.

இத்தாலிக்கு வாருங்கள். மோட்டார் படகுகளின் மகாராணி என்று பலரும் கொண்டாடுவது 'ரீவா அக்வராமா'. 1962-ல் கார்லோ ரீவா அறிமுகப்படுத்தினார். இசேயோ ஏரிக்கரையில் சார்னிகோ என்ற ஊர். பளபளவென்று வார்னிஷ் போட்ட மஹாகனி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமோ? 1952-ல் நியூயார்க்கில் அறிமுகமாகிப் பரபரப்பைக் கிளப்பிய 'சினிராமா' என்ற வளைந்த அகன்ற திரையிலிருந்து! படகின் முன்கண்ணாடி அந்தத் திரையைப் போல வளைந்து அகன்று இருந்ததால் 'அக்வராமா'.

அதாவது, உலகத்தின் மிகப் பிரபலமான கிளாசிக் படகுக்குப் பெயரே அதன் முன்கண்ணாடியால் வந்தது. அந்தக் கண்ணாடியின் யோசனையோ சினிமாக் கொட்டகையிலிருந்து வந்தது. பின்னால் உறுமிய என்ஜின்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. இதில் 'ஒரிஜினல்' எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது?

இன்னும் ஒன்று. இது முக்கியமான சாட்சி. டிராக்டர் செய்து பணக்காரராகி, பிறகு கார் செய்து புகழ்பெற்ற ஃபெருச்சியோ லம்போர்கினி 1968-ல் ஓர் அக்வராமாவைத் தனக்காகச் செய்யச் சொன்னார். வழக்கமான என்ஜின்கள் அவருக்குப் போதவில்லை. தன் காரில் போடுகிற 'வி-12' என்ஜின்கள் இரண்டைப் படகில் வைக்கச் சொல்லிவிட்டார். அந்தப் படகைப் பல வருஷம் கழித்து நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் புதுப்பித்து 2013-ல் தண்ணீரில் இறக்கியபோது, படகு உலகம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. 'ரீவா தொழிற்சாலையின் வழக்கமான என்ஜின் இல்லையே, மார்க்கைக் குறை' என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா? அந்த மாற்றம்தானே அந்தப் படகுக்குப் பெருமை!

லம்போர்கினி மாற்றினால் சரித்திரம். ஹாம்பிளில் ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக் தன் படகுக்குக் கண்ணாடியை மாற்றினால் ஒட்டு வேலை. இதற்குப் பெயர் பாரம்பரியம் காப்பதா? ஆள் பார்த்துச் சாதம் போடுவதா?

*

"அப்படிச் சொன்னா எப்படி? வீட்ல செய்யறதுன்னா கோணல்மாணலாத்தானே இருக்கும்?"

இருக்கும், யோசிக்காமல் செய்தால். இந்த இடத்தில் எதிர்க்கட்சியை விட்டுவிட்டு என் கட்சிக்காரர்களையே இரண்டு வார்த்தை கண்டிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த பிளாஸ்டிக்கை நாலு ஸ்குரூ போட்டு முறுக்கிவிட்டு, 'நானே செய்தேன் பார்' என்று மார்தட்டுகிறவர்களால்தான் கைவேலைக்குக் கெட்ட பெயர். முன்கண்ணாடி வடிவமைப்பது அவ்வளவு லேசான சமாசாரம் இல்லை.

முதலில் கண். ஸ்டியரிங் பிடிக்கிறவர் உட்கார்ந்தால் கண் எங்கே இருக்கிறது, நின்றால் எங்கே இருக்கிறது என்று அளக்க வேண்டும். கண்ணாடியின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வந்துவிடக் கூடாது. ஒன்று, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். அல்லது, அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். நடுவில் விளிம்பு வந்தால் தலைவலி நிச்சயம். இதில் இன்னொரு சிக்கல். வேகமெடுக்கும்போது படகின் மூக்கு மேலே தூக்கும்; முழுவேகம் வந்த பிறகு இறங்கும். நின்ற இடத்தில் எடுத்த அளவை வைத்து முடிவு செய்தால், ஓடும்போது வானம் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது ஜியோமிதி. தட்டையான ஷீட்டை ஒரு பக்கமாக வளைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வளைக்க முடியாது. செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். உருளையாகச் சுருட்டலாம், கடலை மடிக்கிற பொட்டலம் மாதிரி கூம்பாகச் சுருட்டலாம். பந்தின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியுமா? முடியாது. முன்கண்ணாடி பின்பக்கமாகச் சாய்ந்து, பக்கவாட்டிலும் சுற்றி வளைந்தால், அது ஒரு கூம்பின் துண்டு. அந்தத் துண்டைத் தரையில் விரித்தால் நேர்க்கோடாக இருக்காது. வாழைப்பழம் மாதிரி வளைந்த வடிவம் வரும். 'நேரான பட்டையை வெட்டி வளைத்தால் போச்சு' என்று ஷீட்டில் கை வைக்கிறவர், வெட்டின பிறகு ஓரங்கள் மேல்தளத்தோடு ஒட்டாமல் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து விழிப்பார்.

அதனால்தான் அட்டை. விலைபோன ஃப்ரிட்ஜ் பெட்டி அட்டை போதும். வெட்டி, வளைத்து, டேப் போட்டு ஒட்டி, இருபதடி தள்ளிப் போய் நின்று பார்க்க வேண்டும். சாய்வு போதுமா, படகின் ஓட்டத்தோடு ஒத்துப்போகிறதா, இல்லை நெற்றியில் வைத்த பிளாஸ்திரி மாதிரி துருத்துகிறதா? பிடிக்கவில்லை என்றால் கத்தரிக்கோல் இருக்கவே இருக்கிறது. அட்டையில் பத்து தரம் தப்பு பண்ணலாம். ஷீட்டில் ஒரு தரம் பண்ணினாலும் காசு போச்சு.

மூன்றாவது, சரக்கின் குணம். அக்ரிலிக்கைச் சூடுபண்ணாமல் வளைக்க ஓர் எல்லை இருக்கிறது. தரமான வார்ப்பு ஷீட் என்றால், வளைவின் ஆரம் ஷீட் கனத்தைப் போல 200 மடங்குக்குக் குறையக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 6 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு 1.2 மீட்டர். அதைவிட இறுக்கி வளைத்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கோடை தாண்டி விரிசல் ஓடும். இறுக்கமான வளைவு வேண்டுமென்றால் ஏறக்குறைய 150, 160 டிகிரி சூட்டில் ஷீட் முழுவதையும் ஒரே சீராக இளக்கி, துணி போர்த்திய மர அச்சின் மேல் படியவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். சமையலறை அவன் இதற்குப் பத்தாது. பெரிய அடுப்பு வைத்திருக்கிற பட்டறையைத்தான் தேட வேண்டும். சூடு கூடினால் உள்ளே குமிழ் கிளம்பும்.

நான்காவது, ஸ்குரூ. அக்ரிலிக் வெயிலில் அலுமினியத்தைப் போல சுமார் மூன்று மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள ஷீட் 30 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீள்கிறது. அதனால் துளை ஸ்குரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நடுவில் ரப்பர் வாஷர் வேண்டும். முறுக்குவதில் நிதானம் வேண்டும். மரத்துக்குப் போடுகிற டிரில் பிட்டை அப்படியே போட்டால் கடித்து உடைத்துவிடும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்க்காவிட்டால், ஒவ்வொரு கீறலும் ஒரு விரிசலுக்குப் பிள்ளையார் சுழி. எல்லாம் முடிந்த பிறகு, வீட்டு ஜன்னல் துடைக்கிற அம்மோனியா திரவத்தை வைத்துத் துடைத்தால் பட்ட பாடு எல்லாம் வீண்.

இத்தனையும் தெரிந்துகொண்டு செய்கிறவரையா 'ஒட்டு வேலைக்காரர்' என்கிறீர்கள்? செக் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளப்பில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் படகைப் பற்றி இதில் கால்வாசி தெரியுமா?

*

அடுத்த ஆட்சேபணை கனமானது. "விளையாட்டு இல்லை சார். உயிர் சம்பந்தப்பட்டது. நிபுணர்கிட்ட விட்டுடணும்."

உயிர் சம்பந்தப்பட்டது என்பது சரி. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கணக்கைப் போடாமல் நழுவுவது சரியில்லை. போடுவோம்.

படகு 40 நாட் வேகத்தில் போகிறது. மணிக்கு 74 கிலோமீட்டர். எதிர்க்காற்று இல்லாவிட்டால் கண்ணாடியில் மோதும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 26 கிலோ எடை. ஒரு சின்னப் படகின் கண்ணாடி அரை சதுர மீட்டர்தான் இருக்கும். பதின்மூன்று கிலோ. அரிசி மூட்டையில் பாதி. எதிர்க்காற்று வீசினால் இது கூடும். அப்படியும் காற்று ஒரு பெரிய எதிரி இல்லை. பெரிய எதிரி, படகில் ஏறும்போது கண்ணாடியின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற 80 கிலோ நண்பர். வடிவமைப்பவர் கணக்கில் எடுக்க வேண்டியது அவரை. அதற்குத்தான் ஓரத்துச் சட்டம், முட்டுக்கம்பி, தனியாக ஒரு கைப்பிடி.

அலை நேராக வந்து அறைந்தால் கதை வேறு. நீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்குக்கும் மேலே. கொந்தளிக்கும் கடலில் பந்தயம் ஓட்டுகிறவருக்கு வீட்டுக் கொட்டகைக் கண்ணாடி போதாது என்று நானே சொல்கிறேன். சாதாரண ஜன்னல் கண்ணாடியைப் படகில் வைக்கவே கூடாது; உடைந்தால் கத்தி. அக்ரிலிக்கும் பலமாக அடிபட்டால் கூர்மையாக உடையும். உடையாமல் தாங்குவதில் பாலிகார்பனேட் கெட்டி. ஆனால் சுலபமாகக் கீறல் விழும். மேல்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். எங்கே, எவ்வளவு வேகத்தில், யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எது சரி என்று முடிவு செய்ய முடியும். அது அதிகம் தெரிந்தவர், படகை ஓட்டுகிறவர்.

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த வாடிக்கையாளனாக நிபுணரிடம் போங்கள் என்கிறேன். அடுப்பு அவருடையதாக இருக்கட்டும். அட்டை உங்களுடையதாக இருக்கட்டும்.

*

நிபுணர்கள் என்றதும் இந்த அக்ரிலிக்கைப் பற்றியே ஒரு கதை ஞாபகம் வருகிறது. மதுரைவரைக்கும் வருகிற கதை.

1930-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சந்தைக்கு வந்த சரக்கு இது. கண்ணாடியின் எடையில் பாதிகூட இல்லை. வெளிச்சத்தில் 92 சதவிகிதத்தை உள்ளே விடும். போர் வந்ததும் 'ஸ்பிட்ஃபயர்', 'ஹரிகேன்' விமானங்களில் விமானியின் தலைக்கு மேலே கூடாக வைத்தார்கள். குண்டு பட்டு அந்தக் கூடு சிதறியபோது, சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போயின. ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். கண்ணுக்குள் போன அந்தச் சில்லுகளை உடம்பு எதிர்க்கவில்லை. பேசாமல் அங்கேயே இருந்தன. அப்படியானால் கண்புரையை எடுத்த இடத்தில் இதே சரக்கில் ஒரு லென்ஸ் செய்து வைத்தால் என்ன? 1949-ல் வைத்தார்.

சக நிபுணர்கள் கொண்டாடினார்களா? கண்ணிலிருந்து ஒரு பொருளை எடுப்பதுதான் டாக்டர் வேலை, போடுவதா என்று பல வருஷம் எதிர்த்தார்கள். ரிட்லிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 2000-ல். அப்போது அவருக்கு வயது 90-ஐத் தாண்டியிருந்தது.

அந்த லென்ஸ் நம் ஊருக்கு இறக்குமதியாக வந்தபோது ஏழைக்கு எட்டாத விலை. 1976-ல் பதினோரு படுக்கைகளோடு டாக்டர் கோ.வெங்கடசாமி தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் 'ஆரோலேப்' மூலம் தானே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. விலை பல மடங்கு இறங்கியது. நம் வீட்டுப் பாட்டிகளில் எத்தனையோ பேர் பேத்தி முகத்தைப் பார்த்தது அந்த அக்ரிலிக் வழியாகத்தான்.

ஆஸ்பத்திரி லென்ஸும் படகுக் கண்ணாடியும் ஒன்றா என்று கேட்காதீர்கள். இரண்டும் ஒரே தராசில் வைக்கிற சமாசாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். லென்ஸ் செய்ய சுத்தமான தொழிற்சாலையும் கடுமையான சோதனைகளும் வேண்டும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். 'செய்கிறவர்கள் செய்வார்கள், நாம் வாங்கிக்கொள்ளலாம்' என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், இந்தச் சரக்கு விமானக் கூண்டிலிருந்து கண்ணுக்கும் வந்திருக்காது, லண்டனிலிருந்து மதுரைக்கும் வந்திருக்காது.

*

'ஒரிஜினல்' கட்சியின் கடைசி அஸ்திரம் பாரம்பரியப் பாதுகாப்பு. "இதெல்லாம் மியூசியத்துக்குரிய பொருள். இஷ்டத்துக்குக் கை வைக்கலாமா?"

பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறவர்களே என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதற்காக 1964-ல் எழுதப்பட்டது வெனிஸ் சாசனம். விட்டுப்போன பாகத்துக்குப் புதிதாக ஒன்றை வைத்தால் அது மொத்தத்தோடு இசைந்து போக வேண்டும். அதே சமயம், இது புதிது என்று அடையாளம் தெரியவும் வேண்டும். இல்லாவிட்டால் சரித்திரத்தைப் பொய்யாக்கியதாகிவிடும் என்பது அதன் கருத்து. அதை அடியொற்றிப் பிறகு கப்பல், படகுகளுக்காக பார்சிலோனா சாசனம் வந்தது. அதன் தலைப்பிலேயே ஒரு விஷயம் இருக்கிறது: 'இயக்கத்தில் உள்ள' பாரம்பரியக் கலங்களைப் பாதுகாப்பது பற்றிய சாசனம் அது. தார்ப்பாய்க்குள் தூங்குகிற படகுகளைப் பற்றி அல்ல.

இப்போது சொல்லுங்கள். புதிதாகச் செய்துவிட்டு, அறுபது வருஷத்துப் பழசு மாதிரி வேஷம் போட்டு, 'ஒரிஜினல்' மார்க் வாங்குகிற நகல் நேர்மையா? 'இது நான் செய்தது, இன்ன வருஷம் செய்தது' என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற வீட்டுக் கண்ணாடி நேர்மையா?

வணிகவியல் பாஷையில் சொன்னால், பயன்படாத சொத்து வெறும் டெட் ஸ்டாக். விலை ஏறட்டும் என்று பூட்டிவைத்த படகு, படகு இல்லை. தண்ணீர் காணாத பிக்சட் டெபாசிட். அதுவும் மரப்படகு என்றால், கவனிக்காமல் பூட்டிவைப்பதே வியாதி. காற்றோட்டமில்லாத தார்ப்பாய்க்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் மரம் உளுத்துப்போகும். ஓடுகிற படகைத்தான் சொந்தக்காரர் வாராவாரம் தொட்டுப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார். படகை ஓட வைக்கிற கண்ணாடி, வீட்டில் செய்ததாக இருந்தாலும், படகைக் காப்பாற்றுகிறது.

இப்போது உங்கள் மிக்ஸிக்கு வருகிறேன். 'பிரித்தால் வாரன்டி போச்சு', 'இந்த பார்ட் தனியா வராது, புதுசா வாங்கிடுங்க' என்று கவுன்டரில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்களே, அது எந்தக் குரல்? படகுக் கண்காட்சியில் மார்க்கைக் குறைக்கிற அதே குரல்தான். பொருள் உன்னுடையது, ஆனால் அதைத் தொடும் உரிமை எங்களுடையது என்கிற குரல். இதற்கு எதிராக உலகம் முனக ஆரம்பித்துவிட்டது. இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டமே இயற்றியது. சட்டம் வருவது நல்லதுதான். ஆனால் ஸ்குரூ டிரைவர் பிடிக்க மறந்துபோன ஜனங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமையைக் கொடுத்தால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? ஃப்ரேம் போட்டு மாட்டத்தான் முடியும்.

அதனால்தான் எங்கோ ஒரு கொட்டகையில், அட்டையை வெட்டி, படகின் நெற்றியில் வைத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிற அந்த முகம் தெரியாத ஆசாமிக்காக இந்த வாரம் வக்காலத்து வாங்கியிருக்கிறேன். அவர் செலவழிக்கிற நாள்களைக் கூலி போட்டுப் பார்த்தால், கடையில் வாங்கியிருந்தாலே மிச்சமாகியிருக்கும் என்று என் கணக்குப் பாடம் சொல்கிறது. சொல்லட்டும். கண்ணாடி முடிந்தபோது அவருக்குத் தெரிந்திருக்கிற விஷயங்களுக்கு அந்த லெட்ஜரில் பத்தி கிடையாது.

கண்காட்சி நடத்துகிற கனவான்களுக்கு இரண்டு கோரிக்கை. வீட்டில் செய்த பாகத்தைப் பார்த்ததும் மார்க்கை அடிக்கிற பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். 'யார் செய்தது, எப்படிச் செய்தீர்கள், ஏன் இந்தச் சாய்வு, ஏன் இந்தக் கனம்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் மார்க் கொடுங்கள். தெரியாவிட்டால் தாராளமாகக் குறையுங்கள். அந்தக் கேள்வியை 'ஒரிஜினல்' கண்ணாடி வைத்திருப்பவரிடமும் கேளுங்கள்.

செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன்னால், சட்டத்துக்குள் மறைகிற கீழ் ஓரத்தில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் சின்னதாக எழுதிவையுங்கள். கூர்மையான ஊசியால் கீறிவிடாதீர்கள், விரிசல் ஓடும். சட்டத்தின் உள்பக்கத்தில் பெயின்டால் எழுதினால் போதும். நாற்பது வருஷம் கழித்து இன்னொருவர் அதைக் கழற்றுவார். அவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும்.